75 பேர் கிராஜுவேஷன் பார்ட்டிக்கு 18 குவார்ட் ரோஸ்டர்: சூடு காக்கும், சூடாக்காது

டெக்சஸில் மே கடைசி, நியூஜெர்சியில் ஜூன் பாதிக்கு மேல் என்று ஹைஸ்கூல் பட்டமளிப்பு நாட்கள் நெருங்கும்போது, வீட்டிலேயே ஓப்பன் ஹவுஸ் வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: எழுபது எண்பது பேருக்கு என்ன சமைப்பது? சமைப்பது ஒரு நாள் வேலை, எப்படியும் முடிந்துவிடும். சமைத்ததை மதியம் 2 மணியிலிருந்து 6 மணி வரை ஆறாமல், காயாமல், கெடாமல் வைத்திருப்பதில்தான் பாதி வீடுகள் கோட்டை விடுகின்றன. இது இலை போட்டு ஒரே மூச்சில் பந்தி முடிகிற விருந்து அல்ல. பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் 2 மணி 5 நிமிடத்துக்கு வாசலில் நிற்பார்கள். நம்மவர்கள் 4 மணிக்கு மேல்தான் தலை காட்டுவார்கள். இடையில் பிள்ளையின் நண்பர் கூட்டம் ஒரே நாளில் நான்கு பார்ட்டிக்குப் போகிற அவசரத்தில் வந்து கொறித்துவிட்டுப் போகும். மூன்று கூட்டத்துக்கும் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும்.

இதற்காகப் பலரும் நாடும் மூன்று பொருட்களை இங்கே எடைபோடுகிறோம்: 18 குவார்ட் (17 லிட்டர்) எலெக்ட்ரிக் ரோஸ்டர், கம்பி ஸ்டாண்டோடு வரும் அலுமினிய ட்ரே செட், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஐஸ் கூலர். கூலருக்குத்தான் முதல் மதிப்பெண் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் ரோஸ்டர். நெஸ்கோ, ஹாமில்டன் பீச் இரண்டும் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை. நெஸ்கோவில் 18 குவார்ட், ஹாமில்டன் பீச்சில் 22 குவார்ட் அளவுகள் பரவலாக விற்கின்றன. தேங்க்ஸ்கிவிங் வான்கோழிக்காகச் செய்த பாத்திரம் இது. அதனால்தான் நீள்வட்ட வடிவம், கனமில்லாத மூடி. உள்ளே எடுக்கக்கூடிய எனாமல் தொட்டி. அதைச் சுற்றிப் பக்கச் சுவர்களில் ஹீட்டர். இந்த ஒரு விவரத்தைப் புரிந்துகொண்டால் ரோஸ்டரின் நல்லது கெட்டது பாதி விளங்கிவிடும். அடுப்பில் வைத்த குண்டான் அடிப்பிடிக்கும், ரோஸ்டர் சுவர்ப்பிடிக்கும். நடுவில் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் ஒரு பயனும் இல்லை. தட்டையான மரத்துடுப்பு அல்லது சிலிக்கான் ஸ்பாட்டுலாவால் சுவரை வழித்து உள்ளே தள்ள வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை. வழிக்காமல் விட்டால் ஓரத்தில் காய்ந்த பொருக்கு ஒன்று உருவாகி, கடைசியில் வருகிறவர் தட்டில் கருகலாக விழும்.

அடுத்தது மின்சாரம். இந்த ரோஸ்டர்கள் சுமார் 1,450 வாட் இழுக்கும். 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 12 ஆம்பியர். சாதாரண 15 ஆம்பியர் சர்க்யூட்டில் ஒரு ரோஸ்டரோடு கதை முடிந்தது. இன்னொரு ரோஸ்டரையோ காபி மேக்கரையோ அதே சர்க்யூட்டில் சொருகினால் பிரேக்கர் விழும். கராஜில் பந்தி வைக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பல வீடுகளில் கராஜ் ப்ளக்குகளும் அங்கே நிற்கும் ஃப்ரீசரும் ஒரே சர்க்யூட். பிரேக்கர் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றால் சாப்பாடு ஆறுவதோடு ஃப்ரீசரும் சேர்ந்து உருகும். சமையலறை மேடைப் ப்ளக்குகள் பொதுவாக 20 ஆம்பியர். ரோஸ்டருக்கு அதுதான் சரியான இடம். எக்ஸ்டென்ஷன் கயிறு வேண்டாம் என்றுதான் கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். விளக்குக்குப் போடும் மெல்லிய 16 கேஜ் கயிற்றில் போட்டால் கயிறே சூடாகும். இரண்டு நாள் முன்பே ரோஸ்டரில் தண்ணீர் ஊற்றி, நினைத்த இடத்தில், நினைத்த ப்ளக்கில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புது ரோஸ்டர் என்றால் முதல் முறை புகையும் நாற்றமும் வரும், தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் எரிவதால். அதைப் பார்ட்டி அன்று வீட்டுக்குள் அரங்கேற்றாமல், முன்பே கராஜ் கதவைத் திறந்து வைத்து, கையேட்டில் சொன்னபடி ஒரு முறை சூடேற்றி விடுவது நல்லது.

எல்லாரும் செய்யும் தப்பு இனிமேல்தான் வருகிறது. முந்தின நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்ததை அப்படியே ரோஸ்டரில் கொட்டி, டயலை 350-க்குத் திருப்பி, பார்ட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆன் செய்வது. கணக்கைப் பாருங்கள்: 13 லிட்டர் கெட்டியான குழம்பு வகையை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 165-க்குக் கொண்டுவர, 1,450 வாட்டும் சிந்தாமல் சிதறாமல் உணவுக்குள் போனால்கூட முக்கால் மணி நேரம் ஆகும். நிஜத்தில் பாதி சூடு மூடி வழியாகவும் சுவர் வழியாகவும் போய்விடும். தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைந்து அணைந்து எரியும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் ஓரம் கருகி, நடு வெதுவெதுப்பாக நிற்கும். வெதுவெதுப்புதான் ஆபத்து. 40-க்கும் 140-க்கும் இடையில் கிருமிகள் பெருகும் என்பதால்தான் அமெரிக்க விவசாயத் துறை சூடான உணவை 140-க்கு மேலேயே வைத்திருக்கச் சொல்கிறது.

ஆகவே சூடாக்கும் வேலையை அடுப்புக்கும், காக்கும் வேலையை ரோஸ்டருக்கும் பிரித்துக் கொடுங்கள். இரண்டு அகலமான பாத்திரத்தில் பிரித்து அடுப்பில் 165 வரை கொதிக்க வைத்து, பிறகு ரோஸ்டருக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே ரோஸ்டரில் இரண்டு குவார்ட் வெந்நீர் ஊற்றி 250-இல் ஓட விட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு உணவை ஊற்றினால் தொட்டியின் குளிர்ச்சி சூட்டைத் தின்னாது. அப்புறம் டயலை 200-க்கோ 225-க்கோ இறக்கிவிடலாம். டயலில் உள்ள எண் சுவரின் கதை, உணவின் கதை அல்ல. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடுவில் ஆழமாகக் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்காமல் ரோஸ்டர் மட்டும் வாங்குவது சைக்கிள் வாங்கிவிட்டு பிரேக் வேண்டாம் என்பது போல.

ரோஸ்டரில் எது நன்றாக இருக்கும்? கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் கொழுப்பும் உள்ள, குழைந்தாலும் கெட்டுப்போகாத உணவு. பாவ் பாஜி, சன்னா, ராஜ்மா, சாம்பார். இதில் பாவ் பாஜிக்கே எங்கள் ஓட்டு. எட்டு வருஷம் கூடவே படித்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு "சைவ ஸ்லாப்பி ஜோ" (பன்னுக்குள் கொத்திறைச்சி மசாலா வைத்த அமெரிக்கப் பண்டம்) என்று ஒரே வார்த்தையில் புரிய வைக்கலாம். தட்டு இல்லாமல் நின்றுகொண்டே சாப்பிடலாம். நாள்பட்ட சூட்டில் சுவை கூடுமே தவிரக் குறையாது.

ஒருவருக்கு முக்கால் கப் என்று வைத்தால் 75 பேருக்கு 13 முதல் 14 லிட்டர். 18 குவார்ட் என்பது 17 லிட்டர், ஆக விளிம்பில் கிண்டுவதற்கு இடம் விட்டுக் கச்சிதமாக அடங்கும். அதற்கு வேண்டியது: உருளைக்கிழங்கு 10 பவுண்டு, காலிஃபிளவர் 4 பவுண்டு, ஃப்ரோஸன் பட்டாணி 3 பவுண்டு, குடைமிளகாய் 2 பவுண்டு, வெங்காயம் 4 பவுண்டு, தக்காளிக்கு நசுக்கிய தக்காளி நம்பர் 10 டின் ஒன்று (102 அவுன்ஸ்), வெண்ணெய் 1 பவுண்டு, பாவ் பாஜி மசாலா 100 கிராம் டப்பா இரண்டு, கிழங்கு வேகவைத்த தண்ணீரில் இரண்டு லிட்டர். மசாலாவை முதலில் 150 கிராம் மட்டும் போடுங்கள். உப்பை 100 கிராமில் நிறுத்துங்கள். மறுநாள் சூடு பண்ணும்போது மிச்சத்தைச் சேர்த்துச் சரி செய்யலாம். நாலு பேர் அளவைப் பெருக்கிப் போட்டால் காரம் கணக்குக்கு மேல் தூக்கும். காரம் வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் பூண்டு மிளகாய்ச் சட்னி ஒரு கிண்ணம் போதும். டின் தக்காளியின் புளிப்பு கிழங்கை வேகவிடாது, அதனால் கிழங்கைத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்துவிட்டுத்தான் தக்காளியோடு சேர்க்க வேண்டும். இதை மறந்தால் மறுநாள் ரோஸ்டரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் கிழங்குத் துண்டு கல்லாகவே நிற்கும்.

வெள்ளிக்கிழமை இரவே செய்து வைப்பதில் ஒரு கண்ணி உண்டு. 13 லிட்டர் பாஜியை ஒரே குண்டானில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் விடியும்போதும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும். காலையில் திறந்தால் ஒரு புளித்த வாடை. அப்புறம் என்ன மசாலா போட்டாலும் மீளாது. செய்த உடனே நாலைந்து ஹாஃப் ட்ரேயில் (ஃபுல் ட்ரேயில் பாதி அளவு அலுமினிய ட்ரே) இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கும்வரை திறந்தே ஆறவிட்டு, பிறகு மூடி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். உணவகங்களுக்கான விதியும் இதையேதான் சொல்கிறது: முதல் இரண்டு மணி நேரத்தில் 70 டிகிரிக்கு, அடுத்த நாலு மணி நேரத்தில் 41-க்கு இறங்க வேண்டும்.

பாவுக்கு இந்தியக் கடை லாடி பாவ் 150 சேருவது கஷ்டம். பலரும் கிங்ஸ் ஹவாயன் ரோலை எடுப்பார்கள். 12 உள்ள பாக்கெட் 13 வாங்கினால் தலைக்கு இரண்டு. இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றாலும் பாஜியோடு பொருந்தும். ஆனால் அதில் முட்டை இருக்கிறது. சுத்த சைவக்காரர்கள் வரும் வீட்டில் முட்டை இல்லாத சாதாரண பன் இரண்டு மூன்று பாக்கெட் தனியாக வைத்து, எது எது என்று எழுதி ஒட்ட வேண்டும். பன்னை முன்கூட்டியே வெண்ணெய் தடவிச் சுட்டு அடுக்காதீர்கள், ரப்பராகிவிடும். பாக்கெட் அளவுக்கு ஃபாயிலில் சுற்றி, 300 டிகிரி அவனில் (ஓவனில்) பத்து நிமிடம் வைத்து எடுத்தால் மெத்தென்று இருக்கும்.

ரோஸ்டரில் வைக்கக்கூடாதது சோறு. புலாவ், பிரிஞ்சி, பிரியாணி எதுவானாலும் சுவரோரம் அப்பளமாகக் காய்ந்து, நடுவில் ஆறி, கிண்டினால் உடைந்து பொங்கலாகும். ரோஸ்டருக்குள் மூன்று சின்னத் தொட்டி பொருத்தும் பஃபே செட்டும் விற்கிறார்கள். தொட்டிக்கு இரண்டரை குவார்ட். 75 பேருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி; சட்னி, கிரேவி சூடாக வைக்கலாம், அவ்வளவே.

சோற்றுக்கு வழி கூலர். அதற்கு முன் சோற்றின் அளவு: இன்னும் இரண்டு மூன்று பண்டம் இருக்கும்போது வெந்த சோறு தலைக்கு ஒரு கப் போதும். 10 பவுண்டு பாஸ்மதிப் பை ஒன்றில் சுமார் 24 கப் அரிசி. வெந்தால் 72 கப். அடுப்பில் குக்கர் குக்கராக வைத்துக் கொட்டுவதைவிட அவனில் செய்வது எளிது. ஆழமான ஹாஃப் ட்ரே எட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் அரை மணி ஊறி வடித்த அரிசி 3 கப். தாளித்த பட்டை, கிராம்பு, வெங்காயம், பட்டாணி, நெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு போட்டுப் பரப்புங்கள். மேலே கொதிக்கும் தண்ணீர் 5 கப். ஃபாயிலை இரண்டு அடுக்காக விளிம்பு நெரித்து மூடி, 375 டிகிரியில் 35 நிமிடம், வெளியே எடுத்துத் திறக்காமல் 10 நிமிடம். தண்ணீர் கொதிக்காமல் வெந்நீராக இருந்தால் மேல் அரிசி வேகாது. ஃபாயில் ஒரு மூலையில் தூக்கியிருந்தாலும் அதே கதிதான். அவனின் ஒரு தட்டில் இரண்டு ட்ரே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், இரண்டு தட்டுக்கு நான்கு. பாதி நேரத்தில் மேல்தட்டுக் கீழ்த்தட்டு மாற்றுங்கள். இரண்டு ஈடு வைத்தால் பை காலி. அரிசி வெந்த ட்ரேயே பரிமாறும் ட்ரே என்பதால் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும்போது உடையும் பேச்சே இல்லை.

இந்த எட்டு ட்ரேயும் கூலருக்குள் போகும். ஐஸ் கூலருக்கு வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது மட்டும்தான் வேலை என்று யார் சொன்னது? கொதித்துக் கொஞ்சம் ஆறிய தண்ணீர் இரண்டு கெட்டில் ஊற்றி மூடி 20 நிமிடம் விட்டு, கொட்டிவிட்டு, அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு, அவனிலிருந்து வந்த சூட்டோடு ட்ரேக்களை அடுக்கி, மேலேயும் துண்டு திணித்து மூட வேண்டும். இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் 140-க்கு மேல் தாராளமாக நிற்கும். பாதி காலியாக இருந்தால் நிற்காது. காற்று சூட்டைத் தின்றுவிடும். ட்ரே கூலருக்குள் சரியாக அடங்குமா என்பதை முன்பே அளந்துவிடுங்கள். ஹாஃப் ட்ரேயின் வெளி அளவு 12¾ அங்குலத்துக்கு 10⅜. குறுகலான கூலர்களில் அரை அங்குலம் குறைந்தாலே காலை வாரும். கொதிநீரை நேராக ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினால் உள் பிளாஸ்டிக் நெளியாது. மலிவான, உள்சுவர் மெல்லிய கூலர்களுக்கு இது முக்கியம்.

அப்படியானால் கம்பி ஸ்டாண்டு எதற்கு? மேசையில் இருக்கும் ட்ரேயை மட்டும் சூடாக வைக்க. ஒரு கம்பிச் சட்டம், தண்ணீர் ஊற்ற ஆழமான ஃபுல் ட்ரே, அதன்மேல் இரண்டு ஹாஃப் ட்ரே, கீழே இரண்டு ஸ்டெர்னோ, அதாவது எரிபொருள் டப்பா. இதுதான் ஒரு செட். மலிவு, பார்ட்டி முடிந்ததும் மடித்து வைக்கலாம், தூக்கியும் போடலாம். நான்கைந்து செட் வாங்கி வரிசையாக நிறுத்துகிறவர்களைப் பார்க்கலாம். தேவையே இல்லை. ஒரு செட், அதில் இரண்டு புலாவ் ட்ரே. தீரத் தீரக் கூலரிலிருந்து புதிது. நாலு மணிக்கு வருகிறவருக்கும் முதல் ட்ரேயின் பொலிவு கிடைக்கும்.

ஸ்டாண்டின் குறைகள் பல. கம்பி மெலிசு, மேசை ஆடினால் அதுவும் ஆடும். கீழ் ட்ரேயில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஸ்டெர்னோவின் பாதி ஆயுள் தண்ணீரைச் சுட வைப்பதிலேயே போய்விடும், அதனால் கொதிநீர்தான், முக்கால் அங்குல உயரம். ஜெல் டப்பா இரண்டு மணி நேரம்தான் எரியும். நான்கு மணி பார்ட்டிக்கு நான்கு டப்பா எடுத்து வையுங்கள், அல்லது ஆறு மணி நேரம் எரியும் திரி வகை வாங்குங்கள். ஜெல் வகையின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரியவில்லை என்று நினைத்து மறுபடி தீக்குச்சியோடு குனிவதும், குழந்தைகள் கை விடுவதும் அதனால்தான். கொல்லைப்புறத்தில் காற்று அடித்தால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு ட்ரே கொதிக்கும், இன்னொன்று ஆறும். பிளாஸ்டிக் மேசை விரிப்பின்மேல் வைப்பதும், கதவு மூடிய கராஜில் எரிப்பதும் கூடவே கூடாது.

அலுமினிய ட்ரே பற்றி நம் சமையலுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. புளியோதரை, எலுமிச்சை சாதம், தக்காளித் தொக்கு போன்றவற்றை ராத்திரி முழுக்க அலுமினியத்தில் வைத்தால் ஓரம் கறுத்து, ஒரு உலோகச் சுவை ஏறும். எவர்சில்வர் பாத்திரத்தில் புளியோதரை வைத்து மேலே ஃபாயில் போட்டு, ஃபாயில் சோற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வேடிக்கை: காலையில் ஃபாயிலில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள். உப்பும் புளியும் இடையில் இருக்க, இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டிக் கிடந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரைகிறது. கரைந்தது சோற்றில்தான் இருக்கும். இந்த வகைகளைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பரிமாறும் நேரத்தில் மட்டும் ட்ரேக்கு மாற்றுங்கள். இன்னொன்று, நிறைந்த ஃபுல் ட்ரேயை இரு கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் மடங்கும். அடியில் ஒரு ஹாஃப் ஷீட் பேன் (தட்டையான பேக்கிங் தட்டு) கொடுத்துத்தான் தூக்க வேண்டும். ஃபுல் ட்ரேயின் நீளம் 20¾ அங்குலம். இரட்டைக் கதவு பக்கவாட்டு ஃபிரிட்ஜ்களில் அது நுழையவே நுழையாது. அதற்காகவும் ஹாஃப் ட்ரேதான் சரி.

தயிர் சாதத்துக்கு வெப்பம் எதிரி. ஐந்து கப் பச்சரிசியைக் குழைய வடித்து, பால் 10 கப், தயிர் 4 கப் விட்டால் 40 பேர் முக்கால் கப் அளவு சாப்பிடலாம். எல்லாரும் எடுக்க மாட்டார்கள், ஆனால் எடுக்கிறவர்கள் இரண்டாம் முறையும் வருவார்கள். பாலைத் தாராளமாகவும் தயிரைக் குறைவாகவும் விடுவது மாலைவரை புளிக்காமலிருக்க. சோறு நன்றாக ஆறிய பிறகே தயிர். ஃபிரிட்ஜில் குளிர்ந்தால் இறுகும் என்பதால் முதலிலேயே கஞ்சிப் பதத்தில் விடுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ஹாஃப் ட்ரே மட்டும், ஐஸ் நிரப்பிய இன்னொரு ட்ரேயின்மேல். குளிர்ச்சி இல்லாமல் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவை எறிய வேண்டும். வெளி வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். டெக்சஸ்காரர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டலாம்.

சமோசா ஃப்ரோஸன் போதும், தலைக்கு ஒன்றரை, அதாவது 110. கவரில் சொன்ன சூட்டில் அவனில் ஈடு ஈடாக, 40 நிமிடத்துக்கு ஒரு தட்டு. சுட்டதை ஃபாயில் போட்டு இறுக்கி மூடினால் தன் ஆவியிலேயே நமத்துவிடும். கூலரில் வைப்பதும் அதே காரணத்தால் ஆகாது. தோசை, பூரி, பஜ்ஜி கவுண்டர் எல்லாம் ஆசைப்படலாம். அடுப்படியில் நிற்கப் போவது பட்டம் வாங்கிய பிள்ளையின் அம்மாதான் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு ஆசைப்படுங்கள்.

மேங்கோ லஸ்ஸிக்கு 850 கிராம் கேசர் மாம்பழக் கூழ் டின் ஒன்றுக்குத் தயிர் 4 கப், ஐஸ் தண்ணீர் இரண்டரை கப். பத்து கப் வரும். நான்கு டின் போட்டால் நான்கு அவுன்ஸ் டம்ளர் 80. குழாய் வைத்த டிஸ்பென்சரில் லஸ்ஸி ஊற்றாதீர்கள், நார் அடைத்துக்கொள்ளும். ஜக்கில் வைத்து ஐஸ் தொட்டியில் நிறுத்துங்கள். குழாய் டிஸ்பென்சர் லெமனேடுக்கும் தண்ணீருக்கும். ஐஸ் தலைக்கு ஒரு பவுண்டு. கேக் காஸ்ட்கோ ஹாஃப் ஷீட் ஒன்று, ஆறுக்கு எட்டு வெட்டினால் 48 துண்டு. இனிப்பு இன்னொன்றும் இருக்கும்போது இதுவே மீறும். முட்டை சேர்க்காதவர்களுக்கு அந்த இன்னொன்று.

பெயர் அட்டையில் எழுத வேண்டியவை: காரத்தின் அளவு, பால், முட்டை, முந்திரி நிலக்கடலை, கோதுமை. கோதுமையில் நம்மவர்கள் தவறவிடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயப் பொடி பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். தயிர் சாதத்தில் கோதுமையே இல்லையே என்று குளூட்டன் ஒவ்வாத பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது.

அன்றைய ஓட்டம் இப்படி அமையும். காலை 11:30-க்குப் புலாவ் முதல் ஈடு, 12:30-க்கு இரண்டாவது, அதற்குள் கூலர் சூடேறி நிற்கும். அதே 11:30-க்கு பாஜி அடுப்பில் ஏறும். 12:45-க்கு ரோஸ்டரில் வெந்நீர். 1:15-க்கு பாஜி ரோஸ்டருக்கு மாறும். 1:30-க்கு அவன் காலி, சமோசா உள்ளே. 1:45-க்கு ஸ்டெர்னோ பற்ற வைத்து இரண்டு புலாவ் ட்ரே மேசைக்கு. 3:30-க்கு ஒருவர் தெர்மாமீட்டரோடு கூலரையும் ரோஸ்டரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். கூலரில் ஏதாவது ட்ரே 145-ஐ நெருங்கினால், சமோசா ஈடுகளுக்கு நடுவே காலியாக இருக்கும் அவனில் 200-இல் போட்டுவிடலாம். அந்த ஒருவர் யார் என்பதை வெள்ளிக்கிழமையே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பொதுவாக "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இத்தனையும் வேண்டாம், உணவகத்தில் ட்ரே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்றால் அதிலும் கேட்க வேண்டியது ஒன்று: ட்ரேயின் ஆழம். ஃபுல் ட்ரே, ஹாஃப் ட்ரே என்பது நீள அகலம் மட்டும்தான். ஆழம் கடைக்குக் கடை மாறும், ஒரே பெயரில் ஒன்றரை மடங்கு வித்தியாசம் வரும். "எத்தனை பேருக்கு" என்று கேட்காமல் "எத்தனை குவார்ட், நிறைத்துத் தருவீர்களா" என்று கேளுங்கள். மே, ஜூன் சனிக்கிழமைகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. எடுத்து வந்த உடன் தெர்மாமீட்டர் குத்தி, 140-க்குக் கீழே இருந்தால் அவனில் 165 வரை ஏற்றிவிட்டே மேசைக்கு. மதியம் எடுத்த பிரியாணியைக் காரிலேயே இரண்டு மணி நேரம் வைத்திருந்து பரிமாறுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. சோற்றில் இருக்கும் பாக்டீரியா வித்துகள் வெந்தும் சாகாதவை, வெதுவெதுப்பில் விழித்துக்கொள்ளும், அவை உண்டாக்கும் நச்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது.

யாருக்கு ரோஸ்டர் வேண்டாம்? 40 பேருக்குள் என்றால் 8 குவார்ட் இன்ஸ்டன்ட் பாட் இரண்டு, வார்ம் பட்டனில் 140-க்கு மேலேயே வைத்திருக்கும். தனித்தனி சர்க்யூட்டில் சொருகினால் ரோஸ்டரின் இடமும் மிச்சம். 60-ஐத் தாண்டினால், வருஷத்துக்கு ஒரு முறையாவது கொலு, தீபாவளி என்று கூட்டம் சேரும் வீடாக இருந்தால், ஒன்று வாங்கலாம். 18-க்கும் 22-க்கும் நடுவே தயங்கினால் 18 போதும். 22 குவார்ட் தொட்டி நிறைய இருந்தால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது, வீட்டு சிங்க்கிலும் சரியாக உட்காராது. தெருவில் நாலு தமிழ் வீடு இருந்தால் நாலு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கி, தேதி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது இன்னும் உத்தமம். பட்டமளிப்பு சீசனில் சனிக்கிழமை முட்டிக்கொள்ளுமே என்றால் ஞாயிறு இருக்கிறது.

கழுவும்போது எனாமல் தொட்டியைச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள், எனாமல் தெறித்துவிடும். ஆறிய பின் வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி ராத்திரி ஊற விட்டால் சுவரில் ஒட்டிய பொருக்கு காலையில் தானாகக் கழன்று வரும். ரோஸ்டருக்கென்று விற்கும் பிளாஸ்டிக் லைனர் போட்டால் கழுவும் வேலையே இல்லை, ஆனால் எவர்சில்வர் கரண்டி பட்டால் கிழியும், கிழிந்த துண்டு பாஜிக்குள் போகும். மரத்துடுப்போ சிலிக்கானோ இல்லாவிட்டால் லைனர் வேண்டாம்.